முதல் பந்தியில் கடைசி இலை

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு வாடகைக்கு வந்திருக்கும் கம்ப்யூட்டர்காரர் ஒருவர், போன ஜூன் மாதம் காலையில் பால் வாங்கப் போன என்னை வாசலில் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் அன்றைக்குப் பாஸ்கெட்பால் 'டிராஃப்ட்' நடந்ததாம். விடியற்காலையில் எழுந்து டிவியில் பார்த்தாராம். நான் ஒருகாலத்தில் ஆடினவள் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறான். டிராஃப்ட் என்றால் என்னவென்று தெரியுமா ஆன்ட்டி என்று கேட்டார். தெரியாது என்றால் சீக்கிரம் விட்டுவிடுவார் என்று நினைத்துத் தெரியாது என்றேன். அங்கேதான் ஏமாந்தேன். பால் பாக்கெட் கையில் வியர்க்க வியர்க்க, நின்ற இடத்திலேயே பாடம் நடத்திவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். புதிதாக வரும் ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையாக, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன வருஷம் உதை வாங்கின டீம்கள் முதலில். அவர்களுக்குள் யார் முந்தி என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்களாம். நன்றாக ஆடின டீம்கள் கடைசியில். எல்லா டீமும் ஒருமுறை எடுத்து முடித்தால் முதல் சுற்று. முதல் சுற்றில் எடுத்தவனுக்கு ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் உறுதி. இரண்டாவது சுற்றில் எடுத்தவனுக்கு ஒரு உறுதியும் கிடையாது, வைத்தாலும் வைப்பார்கள், அனுப்பினாலும் அனுப்புவார்கள். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவனுக்கும் இரண்டாவது சுற்றில் முதலாக எடுத்தவனுக்கும் ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, வாழ்க்கையில்தான் இருக்கும் என்றார். "கெட்டிக்கார மேனேஜர் யாருன்னு அந்தக் கடைசி இடத்துலதான் ஆன்ட்டி தெரியும்" என்றும் சொன்னார். நான் ரொம்ப ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டேன். நல்ல மனுஷர், அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

அந்தக் கடைசி இடத்தில் நான் ஹவுராவில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் என்று அவரிடம் சொல்லவில்லை. இப்போது நம்ம சங்கத்து ஆண்டு மலர்க்காரர்கள் உத்தியோக அனுபவத்தைப் பற்றி 'பாஸிட்டிவாக இரண்டு பக்கம்' கேட்கிறார்கள். இரண்டு பக்கத்தில் நிற்குமா தெரியாது. பாஸிட்டிவுக்கும் நான் பொறுப்பில்லை.

எங்களுடையது மத்திய அரசு நிறுவனம். பெயர் வேண்டாம், இன்னும் அவர்களிடம்தான் பென்ஷன் வாங்குகிறேன். என் அப்பா பாங்கி வேலையாக வங்காளத்துக்கு வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறினவர். பெண் பாட்டுக் கற்றுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். பெண் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பந்துதான் எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வாங்கிக் கொடுத்தது. ஹவுரா ஒர்க்ஷாப் யூனிட்டுக்கு ஆடினேன், முழங்கால் போயிற்று. முழங்கால் போன பிறகுதான் எனக்கு மூளை இருப்பதை ஆபீஸ் கவனித்தது. பெண்கள் டீமுக்கு மேனேஜராக இருக்க ஆண்கள் யாரும் முன்வராததால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைப் போட்டார்கள். மற்ற யூனிட்டுகளில் ஆண்கள்தான் மேனேஜர். அங்கெல்லாம் அது யாரையாவது தண்டிக்கக் கொடுக்கிற பதவி.

மொத்தம் ஆறு யூனிட். வருஷத்துக்கு ஒருமுறை மேலிடம் பெண்கள் பாஸ்கெட்பாலுக்கென்று யூனிட்டுக்கு ஒரு நிரந்தர வேலை கொடுக்கும். ஆக ஆறு வேலை. இன்னும் ஆறு பேரை மாசாமாசம் ஒரு உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆடலாம், நீல ஜெர்சி போட்டுக்கொள்ளலாம், ஆனால் வேலை இல்லை. முன்பெல்லாம் இந்த ஆறு வேலைக்கு யூனிட்டுகள் அடித்துக்கொள்ளும். பெரிய ஆபீஸ் இருக்கிற யூனிட் எல்லா நல்ல பெண்களையும் தானே வாரிக்கொள்ளும். இதை ஒழுங்குபடுத்த ஸான்யால் ஸார் முறை கொண்டுவந்தார். போன லீகில் கடைசியில் வந்த யூனிட் முதலில் ஒரு பெயர் சொல்லும். கோப்பை வென்ற யூனிட் ஆறாவதாகச் சொல்லும். அந்த ஆறு பேருக்கு வேலை. பிறகு அதே வரிசையில் இன்னொரு சுற்று, அவர்களுக்கு உதவித்தொகை. சீட்டுக் குலுக்கலெல்லாம் கிடையாது. அரசாங்க அறையில் சூதாட்டம் நடக்கக் கூடாது என்பது ஸாரின் கொள்கை.

வங்காளிகள் இதை ஃபர்ஸ்ட் பேட்ச், செகண்ட் பேட்ச் என்றார்கள். அவர்கள் கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருவதையும் பேட்ச் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது பந்தி. நாங்கள் வருஷா வருஷம் கோப்பை வாங்கித் தொலைத்ததால், எனக்குக் கிடைத்தது எப்போதும் முதல் பந்தியில் கடைசி இலை. பரிமாறுகிறவர் நம்மிடம் வருவதற்குள் வாளியில் அப்பளம் உடைசலாகத்தான் இருக்கும். இருந்தாலும் உட்கார்ந்தாயிற்று. நாற்காலிக்குப் பின்னால் நின்று நாம் எப்போது எழுந்திருப்போம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பாடு வேறு.

ஸான்யால் ஸாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நலப் பிரிவுக்கும் விளையாட்டுக்கும் அதிகாரி. மெலிந்த உடம்பு, வெயில் காலத்திலும் கையில்லாத ஸ்வெட்டர். அவருக்குப் பாஸ்கெட்பால் பிடிக்காது. அவர் ஃபுட்பால் பைத்தியம். தொண்ணூறு நிமிஷத்தில் ஒரு கோல் விழுந்தால் அது கோல், நிமிஷத்துக்கு இரண்டு விழுந்தால் அதற்கு என்ன மரியாதை என்று கேட்பார். அதனாலேயே அவரைவிட நியாயமான தலைவர் எங்களுக்குக் கிடைத்திருக்க முடியாது. யார் யாரை எடுத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

அவருடைய முறை இப்படி. வீட்டிலிருந்து மூடி போட்ட பீங்கான் கோப்பை ஒன்று கொண்டுவருவார். கூட்டம் தொடங்கும்போது அதில் பால் இல்லாத டீ ஊற்றி வைப்பார்கள். மேனேஜர் எழுந்து நின்று ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், சர்டிபிகேட்டில் இருக்கிற முழுப் பெயர். காரணம் சொல்லக் கூடாது, புகழக் கூடாது. ஸார் அந்தப் பெயரை ஹவுரா ஸ்டேஷனில் ரயில் அறிவிக்கிற குரலில், ஊர், மாவட்டத்தோடு திருப்பிச் சொல்வார். மூடியைத் திறப்பார். ஒரு வாய் குடிப்பார். மூடுவார். மூடி விழுந்தால் முடிந்தது, அதற்கப்புறம் பகவானே வந்தாலும் மாற்ற முடியாது. பெயர் சொன்னதற்கும் மூடி விழுவதற்கும் நடுவில் மனசு மாறலாம் என்று விதி. ஒருத்தர் ஒருமுறை மாறினார். மறுபடி மாறினார். ஸார் கோப்பையை உதட்டருகே பிடித்தபடி, கோபமே இல்லாமல், அந்த மனுஷர் வெட்கப்பட்டு உட்காரும் வரைக்கும் காத்திருந்தார். டீ ஆறிப்போயிற்று. ஆறின டீயைக் குடித்து மூடினார்.

மற்ற மேனேஜர்களுக்கு ஒரே அளவுகோல், உயரம். ட்ரையல் நடக்கும் நாளில் மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபுட்பால் பேசுவார்கள். நடுநடுவே நிமிர்ந்து, எந்தத் தலை மேலே தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணுக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா என்பதெல்லாம் பிற்பாடு யூனிட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி இலைக்கு வருவது, தடித்த கண்ணாடியை எலாஸ்டிக் கட்டி மாட்டினவள், ரெஃபரியை முறைப்பவள், அப்புறம் குட்டையாகப் பிறந்து தொலைத்தவள். நான் அதில் பொறுக்குவேன். எல்லாம் நன்றாக அமைந்துவிட்டதாகப் பெருமை பேச வரவில்லை. ஒரு வருஷம் நான் எடுத்த பெண்ணுக்குப் பந்தென்றாலே பயம், முகத்தை மூடிக்கொள்வாள். அவள்தான் பிற்பாடு எங்கள் எல்லாரையும்விடப் பெரிய பதவிக்குப் போனாள். என் லீவு விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இனி அந்த ஒரு வருஷம். தொண்ணூறுகளின் கடைசி.

என்னிடம் அல்பனா என்று ஒரு பெண் இருந்தாள், பாண்டேலிலிருந்து வருவாள். அப்பா வேலை பார்த்த சணல் மில் மூடி வெகுநாள் ஆகியிருந்தது. இரண்டாவது பந்தியில் எடுத்து உதவித்தொகையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷமும் எனக்கு வேறு ஏதாவது அவசரம் வந்துவிடும். ஒரு வருஷம் கூடைக்கடியில் நிற்க ஆள் இல்லை, இன்னொரு வருஷம் பந்தை எடுத்துப் போகிறவள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அடுத்த தடவை பார்க்கலாம் அல்பனா என்பேன். சரி தீதி என்பாள். அக்காவுக்கு அவர்கள் சொல் அது, என் பெயரோடு சேர்த்தால் ராஜிதி. ஒரு நாளும் முகம் கோணியதில்லை, அதுதான் தாங்காது. அந்த வருஷத்தோடு அவளுக்கு வேலைக்கான வயசு வரம்பு முடிகிறது. பூஜை லீவுக்கு முந்தின நாள் டீம் முழுக்க இருக்கும்போது, "இந்தத் தடவை என் இலை உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு இலை புரியவில்லை, உனக்குத்தான் என்பது புரிந்தது. கை தட்டினார்கள். அல்பனா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ட்ரையலுக்கு அந்த வருஷம் இரண்டு மாம்பி வந்தார்கள். வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர் உண்டு. வீட்டிலும் தெருவிலும் கூப்பிட ஒன்று, சர்டிபிகேட்டுக்கு ஒன்று. கூப்பிடுகிற பெயர் மாம்பி, டும்பா, புச்சு என்று என்ன வேண்டுமானாலும் இருக்கும். சர்டிபிகேட் பெயர் மகாராணி மாதிரி இருக்கும். மைதானத்தில் பந்து கேட்கிறவள் மகாராணி பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, மாம்பி என்றுதான் கத்துவாள். ஒரு மாம்பி நெட்டை, பெஹாலாப் பெண், நல்ல பெண், பந்து வந்தால் யாரிடமாவது கொடுத்துவிட்டு நிம்மதியாவாள். சர்டிபிகேட்டில் சுதேஷ்ணா. இன்னொரு மாம்பி என் தோளுக்கு வருவாள், உத்தர்பாரா, பத்தொன்பது வயசு. சர்டிபிகேட்டில் சங்கமித்ரா. அவள் ஆட்டத்தை நான் எப்படிச் சொல்ல? இரண்டு பேர் மறித்தால் அவர்களுக்கு நடுவில் வழி இருந்ததென்று அவள் போன பிறகுதான் நமக்குத் தெரியும். ஆடி முடித்து வந்தபோது எல்லாப் பெண்களும் மாம்பி, மாம்பி என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். நாற்காலிக்காரர்கள் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது. ஃபுட்பால் பேச்சிலிருந்து நிமிர்ந்தார்கள். கூட்டத்துக்கு மேலே நெட்டை மாம்பியின் தலை தெரிந்தது.

கூட்ட அறை மாடியில், ஜன்னலுக்குக் கீழே மைதானம். முதல் பெயர் சொல்ல வேண்டியவர் தலைமை ஆபீஸ் யூனிட்டின் கோஷ்பாபு. போன வருஷம் ஒரு ஆட்டமும் ஜெயிக்காதவர். பருத்த மனிதர், குரலும் அதே பருமன். எழுந்து நின்று, ஸ்கோர் எழுதுகிற பிமலைப் பார்த்து, "நம்ம மாம்பியோட நல்ல பேர் என்னப்பா?" என்றார். எந்த மாம்பி, நெட்டையா என்று பிமல் கேட்டான். கோஷ்பாபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்கெட்பாலில் பின்னே குட்டையாக ஒரு மாம்பி இருப்பாளா என்றார். சுதேஷ்ணா என்றான் பிமல். சுதேஷ்ணா என்றார் கோஷ்பாபு. பிறகு விதியை மறந்து, "மாம்பி! மாம்பி எங்களுக்கு!" என்று மேஜையைத் தட்டினார். மற்றவர்களும் கை தட்டினார்கள். நானும் பாதி தட்டிவிட்டுத்தான் நிறுத்தினேன்.

ஸார் பெயரைத் திருப்பிச் சொன்னார். மூடியைத் திறந்தார். நான் எழுந்துவிட்டேன். "ஸார், அது அந்த மாம்பி இல்ல. கெட்டிக்காரி சங்கமித்ரா. உத்தர்பாராப் பெண்" என்றேன்.

இதை இன்றைக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு லாபம் என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அப்படியும் சொன்னேன். சொன்னதன் பலனைக் கேளுங்கள். கோஷ்பாபு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து ஆண்கள் நடுவில், கோப்பையை வருஷம் தவறாமல் தூக்கிப்போகிற மெட்ராஸி அம்மாள் எழுந்து, நீ எடுத்தது தப்பு என்கிறாள். அந்த இடத்தில் எந்த ஆம்பிளை ஆமாம் தப்புத்தான் என்று உட்காருவான்? எந்த மாம்பி என்று எனக்குத் தெரியும் ராஜிதி, தெரிந்துதான் எடுத்தேன் என்றார். ஸார் ஒரு வாய் குடித்தார். மூடி விழுந்தது.

அதோடு நிற்கவில்லை. இரண்டாவது மேனேஜர் மூன்றாவது மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். பிற்பாடு எனக்குத் தெரிந்தது: நெட்டை மாம்பியை இவள் தனக்கென்று குறி வைத்திருக்கிறாள், அதனால்தான் குட்டையை நம் தலையில் கட்டப் பார்க்கிறாள், இவள் சொல்கிற பெயரைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் எடு. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது தெரியும். நான் உண்மையைச் சொன்ன காரணத்துக்காகவே அது பொய்யாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்று உயரமான பெயராக விழுந்துகொண்டே வந்தது. மூடி திறந்தது, மூடினது. எனக்குத் தெரிந்துவிட்டது, வாளி என் இலைக்கு வரும்போது அதில் அப்பளம் முழுசாக இருக்கப் போகிறது.

எழுந்து நின்றேன். ஒரு பெயர்தான் சொல்லலாம்.

சங்கமித்ரா மாதிரி ஒருத்தி எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. ஆனால் அவளுக்குப் பத்தொன்பது. அடுத்த வருஷம் உண்டு, அதற்கடுத்த வருஷமும் உண்டு. அல்பனாவுக்கு இன்றோடு சரி. இவ்வளவு யோசிக்க நேரம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், முழங்காலில் வலி எடுக்கும் வரை நின்றேன். ஸார் அவசரப்படுத்தவில்லை. "அல்பனா மண்டல்" என்றேன்.

அறையில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. கோஷ்பாபு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பார்த்தீர்களா, அவ்வளவு கெட்டிக்காரி என்றாளே, தனக்கே வேண்டாமாம் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. அந்த முகங்களோடுதான் இரண்டாவது பந்தி தொடங்கியது. ஒருத்தரும் சங்கமித்ராவைத் தொடவில்லை. இந்த அம்மாளே ஒதுக்கினவளை நாம் எதற்கு எடுப்பது? மறுபடி கடைசி இலை, மறுபடி நான். இந்தத் தடவை அவள் பெயரைச் சொன்னேன். ஸார் அறிவித்தார், குடித்தார், மூடினார். பிறகு என்னைப் பார்த்து, ஃபுட்பாலில் இந்த மாதிரி அசிங்கமெல்லாம் கிடையாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கீழே இறங்கினால், மாம்பி கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு நிற்கிறாள். குட்டை மாம்பி. கோஷ்பாபு ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினது மைதானம் முழுக்கக் கேட்டிருக்கிறது. நெட்டை மாம்பிக்குத் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று சந்தேகம்கூட வரவில்லை, பாவம், அவளுக்கு அவள் ஆட்டம் தெரியும். எல்லாரும் இவளைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவள் வாசல் பூத்துக்கு ஓடி, பக்கத்து வீட்டு ஃபோனில் அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, வேலை கிடைத்துவிட்டது, முதல் பேரே என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கிறாள். ஃபோன் வழியாகவே சங்கு ஊதுகிற சத்தம் கேட்டதாம், வங்காளிகள் நல்ல சேதிக்குத்தான் சங்கு ஊதுவார்கள். அப்புறம் கையிலிருந்த காசுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான்தான் சொன்னேன். வேறு யார் சொல்வார்கள்? உதவித்தொகை இருக்கிறது, ஹவுராவில் என் டீமில் ஆடப் போகிறாய், அடுத்த வருஷம் வேலை நிச்சயம் என்றெல்லாம் வேகவேகமாகச் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்து முதல் சந்தேஷை நெட்டை மாம்பியிடம் நீட்டினாள். "தப்பில்ல ராஜிதி. பேர் ஒண்ணுதானே" என்றாள். வீட்டுக்கு மறுபடி ஃபோன் பண்ணிச் சொல்லிவிடு என்றேன். சொல்லிடறேன் என்றாள். மறுநாள் கேட்டேன், சொன்னாயா என்று. சொல்லிட்டேன் என்றாள். அல்பனா அன்றைக்கு ஒரு சந்தேஷும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் கோப்பையை மாம்பி வாங்கிக் கொடுத்தாள். வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய். கூட ஆடின, நிரந்தர வேலையில் இருந்த நாலு பேரும் பந்தை எப்படி அவள் கையில் சேர்ப்பது என்று மட்டும் பார்த்துக்கொண்டார்கள். லீகின் கடைசி ஆட்டத்தில் எதிரில் கோஷ்பாபு யூனிட். நெட்டை மாம்பி குட்டை மாம்பியை மறிக்க வேண்டும். பாவமாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் கோஷ்பாபு என்னிடம் வந்து, நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனே ராஜிதி என்றார். நான் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் நான் மறுபடி கடைசி இலைக்குத் தயாராக இருந்தேன். மாம்பியின் பெயரை முன்கூட்டியே யாரும் எடுத்துவிடாமல் இருக்க, அவளை எல்லார் எதிரிலும் நன்றாகத் திட்டிக்கூட வைத்திருந்தேன். நான் ஒதுக்கினவளை அவர்கள் தொட மாட்டார்கள் என்று போன வருஷம் கற்ற பாடம் உதவும் என்ற நம்பிக்கை. ஆனால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, புது நியமனம் எதுவும் கிடையாது, மறு உத்தரவு வரும் வரை. மறு உத்தரவு இன்றுவரைக்கும் வரவில்லை. உதவித்தொகை மட்டும் ஓடியது. ஸான்யால் ஸார் ரிடயர் ஆனார், பீங்கான் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு டீயே ஒத்துக்கொள்ளாது. இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஓரிரண்டு வருஷத்தில் உதவித்தொகையையும் நிறுத்தினார்கள்.

அல்பனா இன்று பெரிய செக்ஷனில் இருக்கிறாள், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்வித்தாள், தம்பியைப் படிக்கவைத்தாள். நெட்டை மாம்பி பந்தை விட்டதும் பிரமாதமாக வேலை செய்ய ஆரம்பித்தாள். தலைமை ஆபீஸில் அவளைக் கேட்காமல் ஒரு ஃபைல் நகராது. தவறுதலாக எடுத்தவர்களில் அவ்வளவு சரியான ஆள் எங்கள் நிறுவனத்துக்கு வாய்த்ததில்லை. மாம்பி, என் மாம்பி, உதவித்தொகை நின்ற பிறகும் சில மாசம் தினமும் காலையில் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். எதற்கு வருகிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பிறகு கொன்னகரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கேம்ஸ் டீச்சர் வேலை கிடைத்ததென்று சொல்ல வந்தாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அவளைக் கட்டிக்கொண்டேன். அல்பனாவின் பெயரைச் சொன்னதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னொரு தடவை நிற்க வைத்தாலும் அதையேதான் சொல்வேன் என்று அன்று இரண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம் மாம்பியின் அம்மா வந்தார். உத்தர்பாராவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து விசாரித்துக்கொண்டே என் மேஜைக்கு வந்துவிட்டார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. வெள்ளைப் புடவை, சிவப்புக் கரை, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உட்காருங்கள் மாஷிமா என்றேன், அம்மா வயசுக்காரர்களுக்கு அங்கே அதுதான் மரியாதை. உட்காரவில்லை. நின்றபடியே என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

பெண் புத்தி கெட்டுப்போய்விட்டதாம். மத்திய அரசில் பர்மனென்ட் வேலை, அதை ராஜினாமா செய்துவிட்டு யாரோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளாம். தெருவெல்லாம் கேட்கிறார்கள், என்னவென்று பதில் சொல்வது? இத்தனை வருஷம் காலையில் டிபன் கட்டிக் கொடுத்து ஆபீஸுக்கு அனுப்பினேனே, அன்றைக்கு முதல் பேரே என் பெண் பேரைத்தான் சொன்னார்களாமே, அப்படிப்பட்ட வேலையை யாராவது விடுவார்களா என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. மெல்லத்தான் புரிந்தது. அந்த நாள் ஃபோனுக்கு அப்புறம் அவள் வீட்டுக்கு வேறு ஃபோன் பண்ணவே இல்லை. சங்கு ஊதின வீட்டில் போய் என்ன சொல்வாள்? உதவித்தொகையைச் சம்பளம் என்று கொடுத்திருக்கிறாள். அது நின்ற மாசங்களில் எங்கிருந்து கொடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வருஷம் வேலை நிச்சயம் என்று நான் சொன்னேனே, அது வந்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் இருந்திருக்கிறாள்.

"உங்களை அக்கா மாதிரின்னு சொல்வா" என்றார் அந்த அம்மாள். "நீங்களாவது அவ கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கக் கூடாதா? ஏன் விட்டீங்க?"

"விட்டிருக்கக் கூடாது மாஷிமா" என்றேன்.

என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. முந்தானையிலிருந்து ஏதோ பிரசாதப் பூ எடுத்து என் கையில் வைத்தார். உங்கள் பெரிய ஸாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், சின்னப் பெண் தெரியாமல் செய்துவிட்டாள், அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். கேட்கிறேன் என்றேன்.